மூன்றாவதாக நின்ற ஆட்டுக்கறி

போன வாரம் நந்தினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டர் ரூமில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். கெட்டிக்காரி. சந்தேகம் என்றால் மட்டும்தான் கூப்பிடுவாள், நலம் விசாரிக்கிறேன் என்று நேரத்தை இழுக்க மாட்டாள்.

"மேடம், நம்ம பழைய எடிட்டர மாத்தறமுங்க. செட்டிங்ஸ் ஃபைல புதுசுக்குக் கொண்டுபோலாம்னு தொறந்தனுங்க. உள்ள ரெண்டு வரி தமிழ்ல இருக்குதுங்க. ப்ரோக்ராம் இல்லீங்க, குறிப்பு மாதிரி. அழிச்சரலாமுங்களா?"

"என்னன்னு எழுதியிருக்குது கண்ணு?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

அவள் படித்தாள். "மொத வரி, 'புதிதாக வருவது எதுவானாலும் கடைசியில்தான். ஆட்டுக்கறியானாலும் சரி.' ரெண்டாவது வரி, 'வாயைத் திறக்காமல் நின்றவள்: மரகதம்.' மேடம், அது நீங்கதானுங்களே?"

நான்தான். அடுப்பில் பருப்பு இருக்கிறது, பிறகு கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். பருப்பை இறக்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு வரியை போனில் விளக்க முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பொங்கலூர்க்காரி. டிகிரி முடித்து, பல்லடத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கிளாஸ் போய், திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். டைப் அடிப்பதிலிருந்து கணக்கு, கணக்கிலிருந்து ப்ரோக்ராம் என்று நானாக முட்டி மோதிக் கற்றுக்கொண்டேன். சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. தப்பு செய்தால் திட்டுவதற்கு மட்டும் நிறையப் பேர் இருந்தார்கள். இருபது வருடத்தில் ஒரே ஒரு வேலை எனக்கே எனக்கு என்று வந்து சேர்ந்தது. அதுதான் அட்டைப்பெட்டி ஸ்டிக்கர்.

வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு ஸ்டிக்கர் இருக்க வேண்டும். வாங்குகிறவர் பெயர், ஆர்டர் எண், நிறம், சைஸ், எத்தனையாவது பெட்டி. இதில் ஒரு எண் தப்பினாலும் அந்தப் பக்கம் துறைமுகத்தில் பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் நான் ஒரு சின்ன ஃபைல் எழுதி வைத்திருப்பேன். எழுதுவது எடிட்டரில். எடிட்டர் என்றால் வேறொன்றுமில்லை, ப்ரோக்ராம் எழுதும் நோட்டுப் புத்தகம். திறந்திருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் மேலே ஒரு சின்னப் பட்டை தெரியும். அதுதான் டேப். ஆர்டர் பதினான்கு இருந்தால் டேப்பும் பதினான்கு வரிசையாக நிற்கும்.

அந்த வரிசைக்கு ஒரு சட்டம் போட்டவர் சென்னியப்பன் சார்.

சார் எங்களுக்கு மேனேஜராக வந்தபோது கம்ப்யூட்டரை ஆன் செய்யத் தெரியாது. தையல் பிரிவில் லைன் சூப்பர்வைசராகப் பதினெட்டு வருடம் இருந்தவர். "கம்ப்யூட்டர் யாரு வேணாலும் கத்துக்கலாமுங்க, ப்ரொடக்‌ஷன் தெரிஞ்ச ஆளு வேணுமுங்க" என்று முதலாளி அவரை மாடிக்கு அனுப்பிவிட்டார். கழுத்தில் இஞ்ச் டேப்பைத் தொங்கவிட்டபடிதான் வந்தார். அதைக் கடைசிவரை கழற்றவே இல்லை. கம்ப்யூட்டர் ரூமில் எதை அளக்கப் போகிறார் என்று நாங்கள் சிரித்தோம். முதல் நாளே என் நாற்காலிக்கும் பிரிண்டருக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்து, "ஒரு நாளைக்கு எத்தன தடவ எந்திரிச்சுப் போறீங்க?" என்று கேட்டு, மறுநாள் பிரிண்டரை என் கைக்கெட்டும் இடத்துக்கு நகர்த்தி வைத்தார். அதோடு சிரிப்பை நிறுத்திக்கொண்டோம்.

அவருடைய கோபத்தைக் கண்டுபிடிக்கத் தனித் திறமை வேண்டும். குரல் உயராது. மரியாதைதான் உயரும். சாதாரணமாக "மரகதம், அதப் பாருங்க" என்பார். கொஞ்சம் எரிச்சல் என்றால் "மரகதமுங்க, அதக் கொஞ்சம் பாருங்களேனுங்க." உண்மையிலேயே கோபம் வந்துவிட்டால் "ஏனுங்க சாமி, இது உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?" சாமி என்பது பெரியவர்களைக் கூப்பிடும் வார்த்தை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்னைச் சாமி என்றால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் பிரிண்டரையும் சாமி என்பார்.

அவர் என் திரையைப் பின்னாலிருந்து மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் கேட்டார், "இதுக என்ன வரிசைல நிக்குதுங்க?"

"வரிசையெல்லாம் இல்லீங்க சார். தொறந்த எடத்துல நிக்கும்."

"லைன்ல அப்படி நிக்க முடியுமுங்களா?"

அன்றிலிருந்து சட்டம் வந்தது. தையல் லைனில் புதிதாக வரும் துணிக்கட்டு வரிசையின் கடைசிக்குத்தான் போகும், நடுவில் புகாது. அதே போல முதலில் கிளம்ப வேண்டிய ஆர்டர் இடது ஓரத்தில் ஒன்றாவது டேப், அடுத்தது இரண்டாவது, இப்படியே. புது ஆர்டர் எது வந்தாலும் வலது கோடியில். காலை ஒன்பதேகாலுக்குக் கீழே பேக்கிங் ஹாலில் இருக்கும் வெள்ளைப் பலகையில் அதே வரிசையை எண் போட்டு எழுதுவார்கள். நானும் பேக்கிங் இன்சார்ஜும் போனில் ஒரு தடவை ஆர்டர் எண்ணைப் படித்து ஒத்துப் பார்ப்போம். அதற்குப் பிறகு நாள் முழுக்க வெறும் நம்பர்தான். ஹாலில் பெட்டிக்குப் பிளாஸ்டிக் டேப் ஒட்டும் இரைச்சலில் வெளிநாட்டுக் கம்பெனிப் பெயரையெல்லாம் கத்திக்கொண்டிருக்க முடியாது. "ஆறாம் நம்பர், முன்னூறு" என்று போன் வரும். நான் ஆல்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு ஆறைத் தட்டுவேன். ஆறாவது டேப் முன்னால் வந்து நிற்கும். முந்நூறு என்று அடித்து அனுப்புவேன். ஸ்டிக்கர் ரோல் ஓடும். முதல் ஸ்டிக்கரில் மட்டும், ஆர்டர் எண் சரி என்பதற்கு அடையாளமாக, என் கையெழுத்தைப் போடுவேன். நிறமும் சைஸும் எண்ணிக்கையும் பார்ப்பது பேக்கிங்கின் பொறுப்பு. ஆர்டர் எண் என் பொறுப்பு. சார் இதைப் பலகையிலேயே எழுதி வைத்திருந்தார்.

இதில் ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. எங்கள் எடிட்டருக்கு வரிசை என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டாவது டேப்பில் வேலை செய்துகொண்டிருக்கும்போது புது ஃபைலைத் திறந்தால், அது நேராகப் போய் இரண்டாவதின் பக்கத்தில் நின்றுகொள்ளும். மூன்று நான்காகிவிடும், நான்கு ஐந்தாகிவிடும். பழைய பஸ் ஸ்டாண்டில் நாம் முக்கால் மணி நேரம் நிற்க, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கும் ஆட்களைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். அந்த எரிச்சல் ஒரு நாளைக்கு இருபது தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் மவுஸால் பிடித்து இழுத்துக் கடைசியில் கொண்டுபோய் விட வேண்டும். எனக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது, மணிக்கட்டு வலி வேறு.

இன்டர்நெட்டில் தேடித் தேடி ஒரு ப்ளக்இன் கண்டுபிடித்தேன். எடிட்டரோடு மாட்டிவிட்டால், புது டேப் எங்கே திறக்க வேண்டும் என்பதை நாமே சொல்லலாம். வலது பக்கம், இடது பக்கம், எல்லாவற்றுக்கும் முதலில், எல்லாவற்றுக்கும் கடைசியில். யாரோ ஒரு புண்ணியவான் என்னைப் போலவே எரிச்சல்பட்டு எழுதி, இலவசமாகக் கொடுத்திருந்தார். ஓடிப்போய் சாரிடம் சொன்னேன்.

"ப்ளக்இன்னா, தையல் மெஷின்ல துணி நேராப் போறதுக்கு கைடு மாட்டுவமே, அது மாதிரிங்களா?"

"அதேதானுங்க சார்."

"யாரு செஞ்சதுங்க?"

"பேரு மட்டும் இருக்குதுங்க. எந்த ஊருன்னு தெரியலீங்க."

"ஊரு தெரியாதவங்க செஞ்ச கைட, சோதிக்காம நம்ம லைன்ல மாட்டலாமுங்களா மரகதமுங்க?"

ஆக, சோதனை நடந்தது. புது டிசைனுக்கு ஐம்பது பீஸ் தைத்துப் பார்ப்பார்களே, அதே போல ஐம்பது ஃபைல். நான் ஒவ்வொன்றாகத் திறக்க, அவர் பின்னால் நின்று பென்சிலால் திரையைத் தட்டித் தட்டி, கடைசியில் போய் நிற்கிறதா என்று பார்த்து நோட்டில் டிக் அடித்தார். ஐம்பதும் பாஸ். இன்சார்ஜ் கையெழுத்து, மேனேஜர் கையெழுத்து எல்லாம் ஆனது. ஒரு ப்ளக்இன்னுக்கு இவ்வளவு மரியாதை அதை எழுதினவர் ஊரில்கூடக் கிடைத்திருக்காது.

அந்த ப்ளக்இன்னின் செட்டிங்ஸில் இரண்டு வரி இருந்தது. ஏற்கனவே உள்ள ஃபைலைத் திறந்தால் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு வரி. ஒன்றும் எழுதாத வெறும் டேப்பைப் புதிதாகத் திறந்தால் எங்கே என்பதற்குத் தனியாக இன்னொரு வரி. முதலாவதைச் சோதனைக்கு முன்பே கடைசி என்று மாற்றியிருந்தேன். இரண்டாவதைக் காட்டி, "இதையும் மாத்தட்டுங்களா சார்?" என்று கேட்டேன்.

"வெத்து டேப்ப யாருங்க தொறக்கப் போறாங்க?" என்றார்.

அதுவும் நியாயம்தான். நாங்கள் எப்போதும் பழைய ஃபைலைப் பிரதி எடுத்துத்தான் புது ஆர்டருக்கு எழுதுவோம். வெறும் டேப் எங்கள் வேலையில் கிடையாது. விட்டுவிட்டேன். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. என் விரல்கள் கண்ணை நம்புவதை நிறுத்திவிட்டு நம்பரை மட்டும் நம்பப் பழகிவிட்டன.

ஜெசிந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புருஷனோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் வந்தவள். பெட்டி மடிக்கும் வேலையில் சேர்ந்து, ஒன்பது வருடத்தில் பேக்கிங் இன்சார்ஜ் ஆனாள். எங்கள் கம்பெனியில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். ஆனாலும் மூன்று மாதம் சோதனை முறையில்தான் கொடுத்திருந்தார்கள். பெயர் அட்டையில் 'இன்சார்ஜ்' என்ற சொல்லுக்கு மேல் அவளே பிளாஸ்டிக் டேப் ஒட்டியிருந்தாள், அழிந்துவிடக் கூடாது என்று. நான் சொல்லப்போகும் நாள் அந்த மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம்.

அன்று காலை வழக்கம் போல ஒத்துப் பார்த்தோம். மூன்றாம் நம்பரும் நான்காம் நம்பரும் ஒரே கம்பெனிக்குப் போகிற சரக்கு. இரண்டும் கருநீலம். ஆர்டர் எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும்தான் வேறு. மூன்றாம் நம்பர் சரக்கு சோதனைக்காகக் காத்திருந்ததால் நான்காம் நம்பர் முதலில் கிளம்ப வேண்டும். சாயங்காலம் ஆறரைக்குள் கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பினால்தான் கப்பலைப் பிடிக்கலாம்.

பத்தரைக்கு நான் டீ குடிக்கப் போனேன். பதினொன்றுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். பதினொன்றேகாலுக்கு போன்.

"யக்கா, நாலாம் நம்பரு, நானூத்தி இருவது."

ஆல்ட், நான்கு. நானூற்று இருபது. அனுப்பினேன். ரோல் ஓடியது. கருநீலம் என்று தெரிந்தது, கம்பெனிப் பெயர் தெரிந்தது. முதல் ஸ்டிக்கரில் கையெழுத்துப் போட்டேன். ஆர்டர் எண்ணைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. இரண்டு வருடமாகவே பார்ப்பதில்லை. நம்பர் சரியாக இருந்தால் எண்ணும் சரியாகத்தான் இருக்கும் என்பது என் தைரியம். ஹாலில் எல்லோரும் அந்த ஒரு லோடிலேயே நின்றதால், அதற்குப் பிறகு வேறு ரோல் கேட்டு போன் வரவில்லை.

மூன்று மணிக்குக் கீழே சத்தம் கேட்டது. கண்டெய்னரில் முக்கால்வாசி ஏற்றியிருந்தார்கள். ஷிப்பிங் பேப்பரோடு வந்த ரஃபீக் பாய், வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மூணாம் நம்பர் சரக்க ஏத்திட்டு இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். பெட்டியைப் பிரித்தால் உள்ளே நான்காம் நம்பர் சரக்கு. மேலே மூன்றாம் நம்பர் ஸ்டிக்கர். எல்லாப் பெட்டியிலும் அப்படியே.

நான் இறங்கிப் போகும்போது முதலாளி வந்துவிட்டார். சார் பக்கத்தில் நின்றார்.

"ஒட்டுனது யாருங்க?" என்று முதலாளி கேட்டார்.

ஜெசிந்தா முன்னால் வந்தாள். "நாந்தான் மொதலாளி. கலரு, சைசு, எண்ணிக்க எல்லாம் பாத்துதான் ஒட்டுனோம்."

"பாத்து ஒட்டுனா இப்படி ஆகுமுங்களா? இந்த எடத்துக்குப் பொம்பளையப் போடலாமான்னு அன்னைக்கே கேட்டாங்க. நாந்தான் போட்டு வெச்சேன். நாளையிலிருந்து வரவேண்டாமுங்க."

அவள் அழவில்லை. பெயர் அட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். "நாலாம் நம்பருன்னுதான் கேட்டேன் மொதலாளி" என்று மட்டும் சொன்னாள்.

நான் அப்போது பேசியிருக்க வேண்டும். ஆர்டர் எண் என் பொறுப்பு, முதல் ஸ்டிக்கரில் என் கையெழுத்து இருக்கிறது என்று இரண்டே வரி. ஆனால் என் மூளை வேறொன்றைக் கணக்குப் போட்டது. முதல் ஸ்டிக்கர் முதல் பெட்டியில் இருக்கும். முதல் பெட்டிதான் கண்டெய்னருக்குள் முதலில் போகும். ஆக, என் கையெழுத்து முந்நூறு பெட்டிக்குப் பின்னால், இருட்டு மூலையில் பத்திரமாக இருக்கிறது. ஓய்வுக்கு மூன்று வருடம்தான் இருந்தது. பயம்தான், வேறு பெயர் அதற்குக் கிடையாது. விரல் தவறித் தட்டிவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டே மாடிக்கு ஏறினேன்.

திரையில் பதினைந்து டேப் நின்றது. பதினான்குதான் இருக்க வேண்டும். இடமிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு. மூன்றாவது டேப்பின் தலையில் 'ஆட்டுக்கறி 60 கிலோ' என்று எழுதியிருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். ஆட்டுக்கறி அறுபது கிலோதான். எங்கள் எடிட்டரில் ஒரு பழக்கம் உண்டு. பெயர் வைத்துச் சேமிக்காத டேப்பில் முதல் வரியில் என்ன இருக்கிறதோ அதையே தலைப்பாகக் காட்டும். திறந்து பார்த்தேன். ஆட்டுக்கறி அறுபது கிலோ, சின்ன வெங்காயம் நாற்பது கிலோ, தேங்காய் நூறு, வாழை இலை, பாத்திர வாடகை. கீழே, 'தாராபுரம் கோயில், பேரன் காதுகுத்து.'

பேரன் சென்னியப்பன் சாருடைய பேரன். அவருடைய கம்ப்யூட்டர் அன்று ரிப்பேருக்குப் போயிருந்தது. நான் டீ குடிக்கப் போன நேரத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்து, வெறும் டேப் ஒன்றைத் திறந்து, கெடா விருந்துக்குச் சாமான் பட்டியல் அடித்துவிட்டு, பழையபடி என் டேப்பையே முன்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் இரண்டாவது டேப்பில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். வெறும் டேப் அதன் பக்கத்திலேயே போய் நின்றுவிட்டது. மூன்றாம் நம்பர் நான்காவதாகிவிட்டது.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு வந்தது ஆனந்தம். அப்பாடா, என் விரல் தப்பவில்லை. அடுத்த நொடியே அந்த ஆனந்தம் அணைந்தது. விரல் தப்பவில்லைதான், கண் எங்கே போயிருந்தது? மேனேஜரைக் காட்டிக்கொடுக்கவும் வாய் வரவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் வரவில்லை. கீழே இறங்கி, "சார், சித்த மேல வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

வந்தார். பார்த்தார். பென்சிலை எடுத்துத் திரையில் ஒன்று, இரண்டு என்று தட்டினார். மூன்றாவதில் பென்சில் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கழுத்தில் இருந்த இஞ்ச் டேப்பைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கினார். நான் பின்னாலேயே போனேன்.

முதலாளியின் முன்னால் போய் நின்று சொன்னார். "மொதலாளி, அந்தப் புள்ளை மேல தப்பில்லீங்க. மூணாவதா நிக்கிற ஆட்டுக்கறி என்னுதுங்க."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வெயில்ல நின்னீங்களா சென்னியப்பன்?"

"இல்லீங்க. சித்த இருங்க, காட்டறனுங்க."

பேக்கிங் பெண்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தார். "நீங்க ஒண்ணுங்க. நீங்க ரெண்டுங்க. நீங்க மூணுங்க." நான்காவதாக ஜெசிந்தாவை நிறுத்தினார். "மொதலாளி, நாலாம் நம்பரத் தொடுங்க." முதலாளி தயங்கித் தயங்கி ஜெசிந்தாவின் பக்கம் விரலை நீட்டினார். "சரிங்க. இப்பப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, சார் தானே போய் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றுகொண்டார். "நாந்தானுங்க ஆட்டுக்கறி. இப்ப ஒண்ணுல இருந்து எண்ணி, நாலாவதத் தொடுங்க."

முதலாளி விரலால் எண்ணிக்கொண்டே வந்தார். ஒன்று, இரண்டு, சென்னியப்பன், நான்கு. விரல் மூன்றாம் பெண்ணின் முன்னால் போய் நின்றது.

"அட!" என்றார்.

"ஜெசிந்தா நாலாம் நம்பர்னு சரியாத்தானுங்க கேட்டுது. விருந்துச் சாமான் பட்டியல மரகதம் கம்ப்யூட்டர்ல அடிச்சு, நான் நடுவுல பூந்துட்டனுங்க. போகோணும்னா நாந்தானுங்க போகோணும்."

முதலாளி வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். கோபத்தில் என்றுதான் நினைத்தேன். பிறகு தோள் குலுங்கியது.

"ஆக, உங்க ஊட்டுக் கெடா நம்ம கண்டெய்னர்ல ஏறிக்கிச்சுங்களா? விருந்து என்னைக்குங்க?"

"வர்ற ஞாயித்துக்கெழமைங்க."

"எனக்குச் சொல்லவே இல்லீங்களே."

"பட்டியல் முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தனுங்க."

முதலாளி ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார். "நான் சொன்னத மறந்துருங்க. பொட்டிய எறக்குங்க. ஆறரைக்கு வண்டி கெளம்போணும். நீங்கதான் இன்சார்ஜ்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சார் தன் பெயரை மட்டும்தான் சொன்னார். ஆர்டர் எண்ணைப் பார்க்க வேண்டியவள் யார் என்று பலகையில் அவர் கையாலேயே எழுதியிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்ட அந்தக் கம்பெனி அனுமதிக்காது. கிழித்தால் அட்டையும் சேர்ந்து கிழியும். எல்லோரும் கையைப் பிசைந்தபோது ஜெசிந்தாதான் இஸ்திரிப் பிரிவுக்கு ஓடினாள். அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் பீகார்க்காரர்கள். பத்து நிமிடத்தில் நீராவி இஸ்திரிப் பெட்டிகளை நீளக் குழாயோடு ஹாலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். "தீதி, டென்ஷன் மத் லோ" என்று, கவலைப்படாதே அக்கா என்பதை அவர்கள் பாஷையில் சொல்லிக்கொண்டே ஆவியை ஒரு நொடி காட்ட, பசை இளகி ஸ்டிக்கர் தோசை மாதிரி சுருண்டு வந்தது. நான் மேலே போய் ஆட்டுக்கறியை மூடிவிட்டு, ஆர்டர் எண்ணை நாலு தடவை வாய்விட்டுப் படித்து, புது ரோல் அடித்துக்கொண்டு வந்தேன். ரஃபீக் பாய் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெட்டி இறக்கினார். முதலாளி எண்ணினார். சார் ஒவ்வொரு ஸ்டிக்கரும் ஓரத்திலிருந்து இரண்டு இஞ்ச் தள்ளி இருக்கிறதா என்று அளந்தார். மறுபடியும் அந்த இஞ்ச் டேப்புக்கு ஒரு வேலை வந்துவிட்டது.

பெட்டிகள் குறையக் குறைய நான் ஒவ்வொன்றின் ஸ்டிக்கர் மூலையையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியாக, இருட்டு மூலையிலிருந்து முதல் பெட்டி வந்தது. ஜெசிந்தாவே தூக்கி வந்து கீழே வைத்தாள். ஸ்டிக்கரின் மூலையில் பச்சை மையில் என் கையெழுத்து. அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முதலாளி நாலடி தூரத்தில்தான் நின்றார். ஆவி காட்டி, ஓரம்கூடக் கிழியாமல் அதை உரித்து, இரண்டாக மடித்து என் கையில் கொடுத்தாள்.

"ஒங்க கையெழுத்து நல்லா அழகா இருக்குக்கா" என்றாள். அவ்வளவுதான். அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

என்னை நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது. கண்டெய்னர் ஆறேகாலுக்கே கிளம்பியது. மறுநாள் காலையில் முதல் வேலையாக ப்ளக்இன்னின் அந்த இரண்டாவது வரியையும் கடைசி என்று மாற்றினேன். வெறும் டேப்போ ஃபைலோ, எது வந்தாலும் இனி வலது கோடிதான். அதன் மேல் நந்தினி படித்த முதல் குறிப்பை எழுதி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்தில் விருந்து. நான் தாமதமாகப் போனதால் பந்தியின் கடைசி இலையில் உட்கார்ந்தேன். ஜெசிந்தா பிள்ளைகளோடு நடுவில் இருந்தாள். கறி பரிமாற ஆரம்பித்த பிறகு முதலாளியின் கார் வந்தது. சாரின் மச்சான் ஓடிப்போய், "இங்க உக்காருங்க, நல்ல எடமுங்க" என்று ஜெசிந்தாவின் பக்கத்தில் இருந்தவர்களை நகரச் சொல்லி, நடுவில் ஒரு இலையைச் செருகப் பார்த்தார்.

ஜெசிந்தா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "மொதலாளி, புதுசா வாறவங்க கடைசிலதான் உக்காரணும். நடுவுல பூந்தா நம்பரு மாறிரும்."

பரிமாறிக்கொண்டிருந்த சாரின் கரண்டி அந்தரத்தில் நின்றது. முதலாளி அவளைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே பந்தி முழுக்க நடந்து வந்து, எனக்கு அடுத்துப் புதிதாகப் போட்ட இலையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அடுத்த வாரம் ஜெசிந்தாவுக்கு வேலை நிரந்தரம் ஆனது.

அன்று பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த முதலாளி என்னைப் பார்த்துச் சொன்னார். "அன்னைக்கு அத்தன கலவரத்துலயும் நீங்க ஒரு வார்த்த பேசலீங்க மரகதம். அந்த அமைதி நெம்பப் பெருசுங்க."

என் வாயில் கறி இருந்தது. அதற்கு நன்றி. தலையை மட்டும் ஆட்டினேன்.

திங்கட்கிழமை பேக்கிங் ஹாலுக்குப் போய் ஜெசிந்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பெட்டியை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். "எங்கிட்டச் சொல்லி என்னக்கா செய்ய? அன்னைக்கி அவருகிட்டல்லா சொல்லியிருக்கணும்." கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் தினமும் ஒன்பதேகாலுக்கு, "யக்கா, ஒத்துப் பாப்பமா?" என்று அவள்தான் முதலில் போன் செய்வாள். மன்னிப்புக் கேட்ட அன்றைக்கே மாடி ஏறி வந்து இரண்டாவது குறிப்பை எழுதினேன்.

மூன்று வருடம் கழித்து எனக்குப் பிரிவு உபசார விழா. சால்வை போர்த்திவிட்டு முதலாளி மைக்கில் பேசினார். நெருக்கடியில் பதறாதவர், பேச வேண்டிய இடத்திலும் அமைதி காத்தவர் என்று என்னைப் பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் ஜெசிந்தா மட்டும் தட்டாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சென்னியப்பன் சாரும் வந்திருந்தார், ஓய்வு பெற்றவர், கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் ஆளே மாறியிருந்தார். "என்னுங்க சாமி, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். எனக்கு அன்றைக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

நேற்று நந்தினியைக் கூப்பிட்டேன்.

"கண்ணு, உங்க புது எடிட்டர்ல புது டேப் எங்க தொறக்கோணும்னு கேக்குதா?"

"அதுலயே செட்டிங் இருக்குதுங்க மேடம். ப்ளக்இன்னே வேண்டாமுங்க. கடைசின்னு வெச்சுட்டனுங்க."

"அப்ப மொத வரிய அழிச்சுரு. ரெண்டாவது இருக்கட்டும்."

"அது ப்ரோக்ராம் ஓடறதுக்குத் தேவையில்லீங்களே மேடம். உங்க பேரு வேற இருக்குது."

"தேவையில்லதான் கண்ணு. ஃபைலோட கடைசில போட்டு வெய்யி."